பனி தள்ளும் பழைய டிராக்டர்

நேற்று இரவு படுக்கப் போகும்போது தரை தெரிந்தது. காலையில் திரையை விலக்கினால் வாசற்படியே காணவில்லை. ஸ்கேலைக் குத்திப் பார்த்தேன், 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வீட்டிலிருந்து சாலை வரை போகும் பாதை 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், அதாவது கிட்டத்தட்ட 36 கனமீட்டர் பனி. பஞ்சு மாதிரி விழுந்த புதுப் பனி கனமீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டால்கூட மூன்றரை டன் வருகிறது. அதுவே ஈரமாகக் கொட்டியிருந்தால் 10 டன்னைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கை முன்பே போட்டுப் பார்த்திருந்தால், முதல் இரண்டு குளிர்காலத்தையும் ஒரு ஷவலோடு கழித்திருக்க மாட்டேன்.

மூன்றாவது குளிர்காலம் வருவதற்குள் ஒரு பழைய கார்டன் டிராக்டர், அதாவது வீட்டு மனை வேலைக்கான சிறு டிராக்டர், வாங்கினேன். வீல் ஹார்ஸ் சி-120, 1975-இல் செய்தது, சிவப்பு நிறம், முன்னால் பனியைத் தள்ளும் 42 அங்குல பிளேடு. விற்றவர் அதை ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். "ஸ்டார்ட் ஆகும், ஆனா கொஞ்சம் பொறுமை வேணும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அன்றிலிருந்து இன்று வரை இந்த வண்டியிடம் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் பழைய டிராக்டரைப் பனிக்கு வாங்கலாமா என்று கேட்கிற பலரும் முதலில் கேட்பது எத்தனை ஹெச்.பி. என்றுதான். எடை எவ்வளவு என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

என் வண்டியில் இருப்பது கோலர் கே301 எஞ்சின், ஒற்றை சிலிண்டர், 12 ஹெச்.பி. இன்று கடையில் கிடைக்கும் சாதாரண புல்வெட்டும் டிராக்டரில் 18, 20 என்று ஒட்டியிருப்பார்கள். ஆனால் அந்த வண்டி தகட்டை மடித்துச் செய்த உடம்பு, 200 கிலோவை ஒட்டி வரும். என்னுடையது பிளேடு இல்லாமலே 300 கிலோவை ஒட்டி. எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு, பின்னால் கியர் பெட்டியும் ஆக்ஸிலும் சேர்ந்த பகுதியும் வார்ப்பிரும்பு. பனியைத் தள்ளும்போது வண்டி நின்றுபோவது எஞ்சினுக்குத் தெம்பு இல்லாததால் என்று ஒருமுறைகூட நடந்ததில்லை, ஒவ்வொரு முறையும் டயர் வழுக்கித்தான் நின்றிருக்கிறது. 12 ஹெச்.பி.யில் பாதியைக்கூட டயர் தரைக்குக் கொடுத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்த வண்டிகளை ஏன் இவ்வளவு கனமாகச் செய்தார்கள் என்பதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஊர்களின் ஓரத்தில் பெரிய பெரிய மனைகளோடு வீடுகள் எழுந்தன. வயல் டிராக்டர் வாங்கும் அளவுக்கு நிலம் இல்லை, ஆனால் கையால் செய்து முடிக்கிற வேலையும் இல்லை. 1946-இல் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊரில் சிசில் பாண்டும் அவர் தந்தை எல்மர் பாண்டும் தொடங்கியதுதான் வீல் ஹார்ஸ். சிசிலின் உறவினரான ஹரால்டு பாண்ட் ஏற்கனவே ஸ்பீடெக்ஸ் என்ற பெயரில் சிறு டிராக்டர் விற்றுக்கொண்டிருந்தார், இரண்டு பாண்ட் டிராக்டர் என்றால் குழப்பம் வருமே என்று இவர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்புறம் 1961-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி கப் கேடட்டைக் கொண்டுவந்தது, 1963-இல் ஜான் டியர் தன் 110 மாடலை இறக்கியது. விஸ்கான்சினில் போர்ட் வாஷிங்டன் என்ற ஒரே சிற்றூரில் சிம்ப்ளிசிட்டி, போலன்ஸ் என்று இரண்டு கம்பெனிகளின் தொழிற்சாலைகள் இருந்தன. இவர்கள் எல்லோரும் விற்றது புல்வெட்டும் இயந்திரத்தை மட்டும் அல்ல. வசந்தத்தில் கலப்பை, கோடையில் புல் வெட்டும் டெக், இலையுதிர் காலத்தில் டிரெய்லர், குளிர்காலத்தில் பிளேடு அல்லது பனியை வாரித் தூர வீசும் ஸ்னோ த்ரோயர் என்று வருடம் முழுக்க ஒரே வண்டி உழைக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். மண்ணை உழுவதற்குத் தேவையான கனம்தான் பனியிலும் எனக்குக் கைகொடுக்கிறது.

வீல் ஹார்ஸ் பிளேடின் சட்டம் வண்டிக்கு அடியில் நீளமாக ஓடிப் பின் ஆக்ஸில் பக்கம் மாட்டிக்கொள்ளும். பனிக்கட்டியில் பிளேடு மோதினால் அந்த அடி முன் ஆக்ஸிலுக்குப் போகாமல் வண்டியின் கனமான பகுதிக்கே போய்ச் சேரும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதைக் குனிந்து பார்க்க வேண்டும். முன்பக்கத் தகட்டில் நாலு போல்ட் போட்டு மாட்டிய பிளேடு என்றால் நான் வாங்க மாட்டேன்.

சரி, பிடிப்புக்கு வருவோம். 300 கிலோ மட்டும் போதாது. வண்டி வந்த முதல் குளிர்காலத்தில் வெறும் புல்தரை டயரோடு இறங்கினேன், பாதி தூரத்தில் ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுற்ற வண்டி அப்படியே நின்றது. இந்த வண்டிகளில் எஞ்சினின் சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது பெரும்பாலும் சாதாரண டிஃபரென்ஷியல்தான், எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லையோ அதுதான் சுற்றும். அன்று மாலையே டயரைச் சுற்றி மாட்டும் டயர் செயினுக்குச் சொல்லிவைத்தேன். செயினில் இரண்டு வகை உண்டு, குறுக்குச் சங்கிலி ஒவ்வொரு நாலாவது கண்ணியிலும் வருவது ஒன்று, ஒவ்வொரு இரண்டாவது கண்ணியிலும் வருவது இன்னொன்று. விலை கொஞ்சம் கூடினாலும் இரண்டாவது வகையே நல்லது, எந்த நேரமும் தரையில் ஒரு சங்கிலியாவது அழுந்தியிருக்கும், ஓட்டமும் தடதடக்காது. வயல் டயர் மாதிரிக் கட்டை வைத்த டயருக்கு நாலு கண்ணி வகை போட்டால் சங்கிலி கட்டைகளுக்கு இடையே விழுந்து புதைந்துகொள்ளும், காசு வீண். மாட்டும்போது டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, செயினை இழுத்து மாட்டி, பிறகு காற்றடித்தால் கச்சிதமாக உட்காரும். மாட்டியதும் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று கையால் சுற்றிப் பாருங்கள், மட்கார்டிலோ பிளேடின் சட்டத்திலோ உரசுகிறதா என்று. முன்னால் போகும்போது உரசாமல் பின்னால் வரும்போது மட்டும் உரசுவதும் உண்டு.

செயினுக்கு அப்புறம் எடை. ஒவ்வொரு பின் சக்கரத்திலும் 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ வார்ப்பிரும்புத் தட்டு மாட்டியிருக்கிறேன். டயருக்குள்ளும் திரவம் நிரப்பியிருக்கிறேன். பழைய வழக்கம் கால்சியம் குளோரைடு கரைசல். தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கனம், உறையவும் உறையாது, ஆனால் ஒரு சொட்டுக் கசிந்தாலும் ரிம்மை அரித்துத் தின்றுவிடும். எத்தனையோ நல்ல வண்டிகளின் பின் ரிம் வால்வைச் சுற்றி இற்றுப்போய் இருப்பது இதனால்தான். சுகர் பீட் என்னும் பீட்ரூட் இனக் கிழங்கின் சாற்றை நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள், கனமும் நன்றாக இருக்கும், அரிக்கவும் அரிக்காது. நான் கார் கண்ணாடி துடைக்கும் குளிர்காலத் திரவத்தை நிரப்பினேன், கனம் குறைவுதான், ஆனால் எங்கும் கிடைக்கும், எனக்கு அது போதுமாக இருக்கிறது. இதெல்லாம் செய்து முடித்த அன்று அதே பாதையில் அதே ஆழப் பனிக்குள் இறங்கினேன். வண்டி ஒருமுறைகூடத் தயங்கவில்லை, சாலை வரை ஒரே மூச்சில் போய் நின்றது. எஞ்சினில் நான் அதுவரை ஒரு ஸ்பேனரைக்கூட வைத்திருக்கவில்லை!

எஞ்சின் பக்கம் வேலை வந்தது அந்த ஜனவரியில். மைனஸ் 18 டிகிரி. அந்தக் குளிரில் பேட்டரியின் தெம்பு பாதியாகிவிடும், எண்ணெய் கெட்டியாகிவிடும், பாவம் ஸ்டார்ட்டர் முனகியது. கே வரிசையின் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் ஆயில் பம்ப் கிடையாது, கனெக்டிங் ராடின் அடியில் ஒரு சிறு கரண்டி மாதிரி இருக்கும், அதுதான் சுற்றும்போது எண்ணெயை வாரி எல்லாப் பக்கமும் தெளிக்கும். எண்ணெய் தேன் மாதிரி உறைந்து கிடந்தால் கரண்டி எதைத் தெளிக்கும்? கோடையில் போடும் எஸ்.ஏ.இ. 30 எண்ணெயை வடித்துவிட்டு, உறைநிலைக்குக் கீழே போகும் காலத்துக்குக் குளிரிலும் இளகியிருக்கும் 5டபிள்யூ-30 எண்ணெய் போட வேண்டும். இதை நான் அப்போது செய்திருக்கவில்லை, ஸ்டார்ட்டர் முனகியதற்கு அதுதான் காரணம். எண்ணெயை மாற்றி, பேட்டரியை உள்ளே கொண்டுவந்து சார்ஜ் ஏற்றி மாட்டினேன். நன்றாகச் சுற்றியது, ஆனாலும் பிடிக்கவில்லை.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நனைந்திருந்தது, பெட்ரோல் வருகிறது. பிளக்கை எஞ்சினின் உடம்பில் தொடவைத்துச் சுற்றினால் பொறி இல்லை. இந்த எஞ்சின்களில் இன்றைய எலக்ட்ரானிக் சமாச்சாரம் எதுவும் இல்லை, பொறிக்காகத் திறந்து மூடும் சிறு சுவிட்சான பாயிண்ட், கண்டன்சர், காயில் அவ்வளவுதான். பக்கவாட்டில் சிறு மூடி, அதன் ஸ்க்ரூவைக் கழற்றினால் பாயிண்ட் கண்ணெதிரே. பல நாள் ஈரத்தில் நின்றதில் பாயிண்டின் முகம் சாம்பல் நிறமாக மங்கியிருந்தது. மெல்லிய எமரித் தாளால் இரண்டு இழுப்பு, அப்புறம் ஒரு சுத்தமான விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து இழுத்துத் துடைத்தேன், இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.020 அங்குலத்துக்குச் சரிசெய்தேன், பிளக்குக்கு 0.035. சோக்கை முழுக்க இழுத்துச் சாவியைத் திருப்பினேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. அந்தக் குளிரில் அந்த ஒற்றை சிலிண்டர் டப் டப் என்று நிதானமாக ஓட ஆரம்பித்ததைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். 50 வருடத்துக்கு முன்னால் இதைச் செய்தவர்கள், மெக்கானிக் அல்லாத ஒருவனும் தன் கையால் திறந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் அந்த மூடியை அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், தொட்டியின் அடியில் சேர்ந்த நீர் கார்புரேட்டரின் கிண்ணத்தில் உறைந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. எத்தனால் இல்லாதது கிடைத்தால் அதையே போடுங்கள், கிடைக்காவிட்டால் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்காமல் புதிதாக வாங்கி ஊற்றுங்கள். தொட்டியை நிறைத்தே வையுங்கள், காலி இடத்தில்தான் ஈரம் படியும்.

தள்ளும் முறைக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு ரொம்ப நாள் பிழை நடந்துகொண்டிருந்தது. முதல் பனி விழுந்தபோது, பாதைக்குத் தேவையான அகலத்தை மட்டும் தள்ளி, பனியைப் பாதையின் விளிம்பிலேயே ஒதுக்கினேன். அடுத்த பனிக்கு அந்தக் குவியல் கல்லாக இறுகியிருந்தது, அதற்கு இந்தப் பக்கம் ஒதுக்க, பாதை ஒரு சாண் குறுகியது. இப்படியே ஒவ்வொரு பனிக்கும் ஒரு சாண். பிப்ரவரியில் கார்க் கதவைத் திறக்க முடியவில்லை. இப்போதெல்லாம் முதல் பனியிலேயே, அது 5 சென்டிமீட்டராக இருந்தாலும், பாதையைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி வைத்துவிடுகிறேன். பனி இளசாக இருக்கும்போது குவியல் எங்கே போய் நிற்கிறதோ, குளிர்காலம் முழுக்க அங்கேதான் நிற்கும்.

அதே போல, பனி நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 42 அங்குல பிளேடு 10 சென்டிமீட்டர் பனியைப் பேச்சில்லாமல் தள்ளும், 30 என்றால் பனி பிளேடுக்கு மேலே வழிந்து பின்னால் விழும், வண்டி திணறும். விடாமல் கொட்டுகிற நாளில் நான் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய் வருகிறேன், இரவு படுக்கும் முன் ஒன்று, விடியற்காலையில் ஒன்று. முதலில் பிளேடை நேராக வைத்து நடுவில் ஒரு கோடு, பிறகு சாய்த்து வைத்து உள்ளிருந்து வெளியே பக்கத்துக்குப் பக்கமாக. பாதை ஜல்லியாக இருந்தால் தரை உறையும் வரை பிளேடின் இரு ஓரத்திலும் இருக்கும் காலணி மாதிரியான தகடுகளை இறக்கி, ஒரு அங்குல உயரத்தில் வைத்துத் தள்ளுங்கள். அந்த ஒரு அங்குலப் பனி அழுந்தி உறைந்து ஒரு தளம் ஆகிவிடும். இதைச் செய்யாத வருடம் ஏப்ரலில் புல்தரையிலிருந்து கூடை கூடையாக ஜல்லி பொறுக்கினேன்.

சாலையைச் சுத்தம் செய்யும் பெரிய வண்டி போனபின் நம் பாதையின் வாயில் ஒரு வரப்பு விட்டுப் போகுமே, அதுதான் இருப்பதிலேயே கடினம். உப்பும் நீரும் கட்டியும் கலந்த பனி, ஒரு மணி நேரம் விட்டால் சிமெண்ட். அதை வேகமாகப் போய் முட்டக் கூடாது. பிளேடில் ஸ்பிரிங் இருக்கும், தடை வந்தால் பிளேடு முன்னால் மடங்கிக்கொடுக்கும், ஆனாலும் வேகத்தில் முட்டினால் ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கில் போய் விழுவார். முதல் கியரில், ஓரத்திலிருந்து பாதிப் பிளேடு அகலம் மட்டும் கடித்துக் கடித்து எடுங்கள்.

கியரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் எட்டு வேகம் என்பார்கள், முன்னோக்கி ஆறு, பின்னோக்கி இரண்டு. ஒவ்வொரு முறையும் கிளட்சை மிதித்து, நிறுத்தி, மாற்ற வேண்டும். பனி தள்ளுவது முன்னும் பின்னும் நூறு முறை போய் வருகிற வேலை. இப்போது புதிதாக வாங்குவதாக இருந்தால் கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் ஹைட்ரோஸ்டேட்டிக் உள்ள பழைய வண்டியைத் தேடுவேன், 1968-இல் வந்த ஜான் டியர் 140 மாதிரி, ஒரே லீவரில் முன்னும் பின்னும் போகலாம். கேஸ் (Case) என்ற கம்பெனியின் வண்டிகளில் ஹைட்ராலிக் மோட்டாரே சக்கரத்தை ஓட்டும், அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்ததிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு கண். ஆனால் அவற்றில் எண்ணெய் சூடாகும் வரை பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், அவசரப்பட்டால் பம்ப் கத்தும்.

சென்ற வருடம் ஒரு ஸ்னோ த்ரோயரும் வாங்கினேன், குவியல் எல்லை மீறும்போது அதுதான் கதி. எஞ்சினை முழு வேகத்தில், நிமிடத்துக்கு 3600 சுற்றில் வைத்து, வண்டியை மிக மெதுவாக நகர்த்த வேண்டும். இங்கே கியர் வண்டி எனக்குப் பிடித்த ஒன்றைச் செய்கிறது, கிளட்சை மிதித்தால் சக்கரம் நிற்கும், முன்னால் த்ரோயர் தொடர்ந்து சுற்றி வாயில் இருப்பதை வெளியே வீசி முடிக்கும். உலர்ந்த பனி அழகாகப் பறக்கும், உறைநிலைக்குப் பக்கத்தில் வரும் ஈரப் பனி மட்டும் அதை வெளியே வீசும் குழாயில் அடைத்துக்கொள்ளும். உள்பக்கம் சிலிகான் ஸ்பிரேயோ மெழுகோ பூசினால் பாதி தொல்லை தீரும். அடைத்தால் தயவுசெய்து கையை விடாதீர்கள். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டையால் குத்தி எடுங்கள். எஞ்சின் நின்றபின்னும் பெல்ட்டில் இறுக்கம் மிச்சமிருந்தால் அடைப்பு விலகியவுடன் த்ரோயரில் பனியை வாரும் திருகு சட்டென்று திரும்பும், விரலுக்கு அது போதும். 1960-களின் பல மாடல்களில் சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சின் தானாக அணைகிற சுவிட்சும் கிடையாது. நம் கவனம் மட்டும்தான் காவல். எஞ்சினைச் சூடாக்குவதையும் ஷெட்டுக்கு வெளியே நிறுத்தியே செய்யுங்கள், கதவு திறந்திருந்தாலும் உள்ளே புகை தேங்கும், அந்தக் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை.

வேலை முடிந்து உள்ளே விடும் முன் த்ரோயரை ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுகிறேன், ஒட்டிய பனி உதிர்ந்துவிடும். பிளேடை இரண்டு மரக்கட்டை மேல் இறக்கி வைக்கிறேன், நேராகத் தரையில் வைத்தால் காலையில் தரையோடு உறைந்து கிடக்கும். முன் சக்கரங்களின் கிரீஸ் நிப்பிளுக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் அடித்தால் சாலையிலிருந்து வரும் உப்பு உள்ளே போகாது.

இன்று காலை 60 மீட்டரையும் முடிக்க 40 நிமிடம் ஆனது. பக்கத்து வீட்டுப் பெரியவரின் வாசலையும் அப்படியே தள்ளிக் கொடுத்தேன், அவர் ஜன்னல் வழியாகக் கை காட்டினார். வண்டியை உள்ளே விட்டு பேட்டரியை சார்ஜரில் போட்டாயிற்று. இடது பக்க செயினில் ஒரு குறுக்குச் சங்கிலியின் கொக்கி தேய்ந்திருப்பதைக் கவனித்தேன். மாற்றுக் கொக்கி டப்பாவில் இருக்கிறது. ராத்திரி மறுபடியும் 15 சென்டிமீட்டர் என்கிறார்கள், அதற்குள் மாட்டிவிட வேண்டும்.